கோப்பிங்கன் நகரத்துச் சின்னஞ்சிறு புகைவண்டிகள்

ஜேர்மனி தேசத்தின் ஸ்ருட்கார்ட் நகரிலிருந்து கிழக்கே ஊல்ம் நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினால், சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில், பில்ஸ் என்னும் சிற்றாற்றின் கரையிலே கோப்பிங்கன் நகரைக் காணலாம். ஊருக்கு அப்பால் ஹோகன்ஸ்ரௌபன் குன்று 684 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. சக்கரவர்த்திகளைத் தந்த ஒரு குலத்தின் கோட்டை அதன் உச்சியில் இருந்தது. இன்று இடிபாடுகளே எஞ்சியுள்ளன. 1782ஆம் ஆண்டிலே பெருந்தீயொன்று நகரின் பெரும்பகுதியை விழுங்கிற்று. அதன் பின்னர் அமைத்த வீதிகள் சதுரங்கப் பலகையின் கோடுகளைப்போல் நேர்நேராக ஓடுகின்றன. விலாசம் தேடி அலையும் தொல்லை இவ்வூரில் அதிகமில்லை.

நாமும் நம் நண்பராகிய மின்சாரப் பொறியியலாளரும் சென்ற இளவேனிலில் அங்கு போனது கோட்டையைக் காண்பதற்கன்று. பொம்மைப் புகைவண்டிகளுக்குப் பேர்போன மாக்லின் தொழிலகம் பிறந்த ஊர் இது. 1859இல் தகரவேலை செய்யும் ஒருவர் பொம்மை வீடுகளுக்குச் சட்டிபானை செய்து விற்கத் தொடங்கினார். அவருடைய மைந்தர் காலத்தில், 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையிலே, எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் சாவி வண்டி வைக்கப்பட்டது. இன்று மாக்லினியம் என்னும் காட்சிச்சாலைக்குள் நுழைவோர் கண்ணாடிப் பேழைகளை விட்டு எளிதில் அகலார். முதலை என்று செல்லப்பெயர் பெற்ற சுவிற்சர்லாந்து மலைப்பாதை எஞ்சினின் முன் நம் நண்பர் நின்ற நேரத்தில் நாம் இரண்டு கோப்பி குடித்து முடித்தோம்.

அன்று மாலை, நண்பருக்குக் கடிதமூலம் அறிமுகமான ஓர் அம்மையாரின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய கணவர் புகையிரதப் பகுதியிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். காலமாகி இரண்டு ஆண்டுகள். மேல்மாடத்தில் அவர் அமைத்த மலையும் சுரங்கமும் நிலையமும் தூசுபடாமல் துணியால் மூடப்பட்டிருந்தன. பதினான்கு எஞ்சின்கள் வரிசையாக நின்றன. ஒன்றேனும் அசையவில்லை. "பேரன் வரும்போதெல்லாம் கேட்கிறான். எண்கள் எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தன, ஐயா," என்றார் அம்மையார்.

வாசகர் இதனைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். முற்காலத்துப் பொம்மைப் பாதையில் மின்னைக் கூட்டினால் அதன்மேல் நின்ற எல்லா வண்டிகளும் ஓடும். டிஜிற்றல் முறையில் தண்டவாளத்தில் மின் எப்போதும் உண்டு. அதனோடு கட்டளையும் ஓடுகின்றது. ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் டிகோடர் என்னும் சிறு தகடு இருந்து, தன் எண்ணை அழைத்தால் மட்டுமே செவிசாய்க்கும். அந்த எண்ணே எஞ்சினின் விலாசம். விலாசம் மறந்தால், வண்டி பழுதின்றியே ஊமையாகிவிடும்.

எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடலாம் என்றார் நண்பர். பல டிகோடர்களில் 8ஆம் இலக்கக் கட்டத்தில் 8 என்று எழுதினாற் போதும், டி.ஸி.ஸி. நியமப்படி விலாசம் 3 ஆகிவிடும். ஆனால் கணவர் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பொறுமையாகத் திருத்தி வைத்த வேகமும், நிலையத்தை நெருங்குகையில் மெல்லத் தளரும் நடையும் அதனோடு அழிந்துபோம். அம்மையார் தலையசைத்து மறுத்தார். "அவர் ஓட்டியதுபோல் ஓடவேண்டும்." ஆதலால் எழுதாமல் வாசித்தறிவதென்று தீர்மானித்தோம்.

1980களின் நடுப்பகுதியைச் சேர்ந்த எஞ்சின்கள் இலகுவானவை. மேல்மூடியைக் கழற்றினால் எட்டு நுண்ணிய சுவிச்சுகள் தென்படும். இரண்டிரண்டாக நான்கு சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் மூன்று நிலைகள். ஆக 81 சேர்க்கைகள். அவற்றுள் 80 விலாசங்களாகப் பயன்படும். கைநூலின் அட்டவணையோடு ஒப்பிட்டு ஆறு எஞ்சின்களின் எண்களை அரைமணியில் எழுதிவிட்டோம். பேரன் பூதக்கண்ணாடி பிடித்தான். 2004இல் வந்த எம்.எப்.எக்ஸ். முறையைச் சேர்ந்த மூன்று எஞ்சின்களோ இன்னும் நல்ல பிள்ளைகள்: பாதையில் வைத்ததும் தாமாகவே தம் பெயரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் அறிவித்தன.

எஞ்சிய ஐந்தும் டி.ஸி.ஸி. முறைக்கு அமைத்தவை. இவற்றை ஏனைய பாதையோடு தொடர்பற்ற ஒரு துண்டுத் தண்டவாளத்தில் தனித்தனியே வைத்தல் அவசியம். பொதுப்பாதையில் வைத்து இம்முறையில் எண் எழுதினால் அங்கு நிற்கும் எல்லா எஞ்சின்களும் ஒரே எண்ணைப் பெற்றுவிடக்கூடும். பெட்டி வினவும், எஞ்சின் "ஆம்" எனில் மோட்டாருக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம் மின்னைச் செலுத்தி இலேசாகத் துடிக்கும். அத்துடிப்பே விடை. சக்கரத்தில் அழுக்கிருந்தால் விடை வராது. ஆகையால் முதலில் துடைத்தோம். இதைச் செய்யாமல் டிகோடரைப் பழிப்போர் பலர்.

நான்கு எஞ்சின்கள் 1ஆம் கட்டத்தில் இருந்த சிறு எண்களைத் தந்தன. கடைசியான பச்சை நிற நீராவி எஞ்சினுக்கு 29ஆம் கட்டம் 38 என்றது. அதில் 32 அடங்கியிருப்பதால் விலாசம் நீளமானது. 17ஆம், 18ஆம் கட்டங்களில் பார்க்கவேண்டும். அவை 199, 175 என்றன. 199இலிருந்து 192ஐக் கழித்தால் 7. அதை 256ஆற் பெருக்கினால் 1792. 175ஐக் கூட்டினால் 1967. எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அம்மையார் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கள் கலியாண வருடம். அந்த நாளை ஒருமுறையாவது நினைவு வைத்திருந்தாரென்று நான் கண்டதில்லை."

பேரன் 1967 என்று அழுத்தி, குமிழை மெல்லத் திருப்பினான். பச்சை எஞ்சின் உடனே பாயவில்லை. கனத்த மெய்வண்டியைப்போல் தயங்கிப் புறப்பட்டு, சுரங்கத்தைக் கடந்து, நிலையத்தருகே தளர்ந்து நின்றது. அம்மையார் பதினான்கு எண்களையும் சிறு துண்டுகளில் எழுதி, ஒவ்வொன்றையும் அந்தந்தப் பெட்டியின் அடியில் ஒட்டினார். நாம் ஸ்ருட்கார்ட்டுக்கு வண்டி பிடிக்கப் புறப்பட்டபோது, மேல்மாடத்தில் இன்னும் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது.