தெரியாது என்னும் விடை

2000-இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்த, 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' எனப் புத்துயிர் பெற்றது. சிதம்பரத்தில் என் தமக்கை இல்லத்தில் அதனைக் கண்டேன்.

நான்கு விடைகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சுட்டியவருக்கும், கற்றறிந்து சொன்னவருக்கும் தொகை ஒன்றே. இதில் சூதின் சாயல் உண்டு. ஆயினும், விடை தெரியாதவர் அதுவரை வென்ற தொகையோடு விலகிக்கொள்ளலாம் என்னும் விதி என்னைக் கவர்ந்தது. 'லா அத்ரீ', அதாவது 'எனக்குத் தெரியாது' என்பது பாதி அறிவு என்றே எங்கள் உஸ்தாதுமார் போதித்தனர்.

மறுநாள் கடலூர் மதரஸாவில் மாணவன் ஒருவன் ஓர் அரபுச் சொல்லுக்குப் பொருள் கேட்டான். நானோ ஊகித்துச் சொல்லிவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அவனை அழைத்து, "தம்பி, நேற்று நான் சொன்னது ஊகம்; அதன் பொருள் எனக்குத் தெரியாது" என்றேன்.