இரண்டு டப்பாக்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

பேனாவின் பெருமையைப் பேசாதவர் இல்லை. பென்சிலைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. சிலேட்டுக் குச்சியை விட்டுக் காகிதத்துக்கு வந்த நம்மை முதலில் எழுத வைத்தது அதுதானே!

கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனும் நானே. 2012-ஆம் ஆண்டு எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்தேன். ஒரு பென்சில் ஒரு மாதம் வரவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பத்து நாளில் தீர்ந்துவிட்டால், “பென்சில்ல எழுதுறியா, இல்ல திங்கிறியா?” என்பார். பென்சில் தரையில் விழுந்தால் உள்ளே இருக்கும் குச்சி பல இடங்களில் ஒடிந்துவிடும். பிறகு சீவச் சீவ முனை கழன்று விழும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

வகுப்பில் முனை ஒடிந்தவன் பக்கத்துப் பையனிடம் ஷார்ப்னர் கேட்பான். அவன் தராவிட்டால் எழுதுவதுபோல் கையை அசைத்துக் கொண்டிருப்பான். அரை பிளேடால் சீவி விரலை அறுத்துக் கொண்டவர்களும் உண்டு.

எங்கள் டீச்சர் இதற்கொரு வழி கண்டார். மேசைமேல் இரண்டு பால்பவுடர் டப்பாக்களை வைத்தார். ஒன்றில் சீவியவை, மற்றதில் மழுங்கியவை. முனை ஒடிந்தால் அதைப் போட்டுவிட்டு இதை எடுத்துக் கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். காலை வழிபாட்டுக்கு முன் இருவர் இருவராக முறைவைத்து எல்லாவற்றையும் சீவுவோம். பாட வேளையில் சீவுதல் கூடாது. குட்டைப் பென்சிலைத் தீர்ந்துபோன பேனாக் குழாயில் செருகி நீளமாக்குவோம். சீவலைப் பாலில் போட்டால் ரப்பர் ஆகும் என்று நம்பிச் சட்டைப்பையில் சேர்த்தவர்களும் இருந்தார்கள்!

வாங்க முடிந்தவர்கள் டப்பாவில் பென்சில் போட்டார்கள். குறைந்ததை டீச்சர் நிரப்பினார். எது யாருடையது என்று எந்தப் பென்சிலிலும் பெயர் இல்லை. அதனால் வாங்க முடியாதவன் யார் என்பதும் வகுப்புக்குத் தெரியாது. அந்த டப்பாவிலிருந்து எடுத்து எழுதித்தான் நானும் மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

பென்சிலில் இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட்டும் களிமண்ணும் என்று இன்று படிக்கிறேன். அவ்விரண்டையும் கலந்து சுட்டுக் குச்சியாக்கும் முறைக்கு 1795-இல் பிரான்சு நாட்டின் கான்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம் கூடும். கிராஃபைட் கூடினால் கருமை கூடும். இவற்றைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் டீச்சரின் மேசைதான் என் கண்முன் வருகிறது.

தோழர்களே, நம்மில் சிலர் நாளை ஆசிரியராகக் கூடும். பென்சில் இல்லாத பிள்ளை ‘இல்லை’ என்று சொல்ல வாய் திறக்காது. வாய் திறக்காமலே அது எடுத்துக்கொள்ளும்படி மேசைமேல் ஒரு டப்பா வையுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.