முகத்துவாரத்துச் சேறு

போன வாரம் தம்பி போன் பண்ணினான். மூக்கையூர் பக்கம் எங்களுக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர் உவர் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகை கேக்குறாங்களாம். "அண்ணே, ஒரு கையெழுத்துப் போட இம்புட்டு யோசனையா?"ன்னு சலிச்சுக்கிட்டான்.

எனக்கு எண்ணூர் சேறு ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

கடலாடிக்காரனுக்குச் சேறு புதுசில்லைங்க. குண்டாறு கடலைத் தொடுற இடத்துல முழங்கால் வரைக்கும் இறங்கி நண்டு தேடின கால் இது. (ஆத்துல தண்ணி வர்ற வருஷத்தை விரல்விட்டு எண்ணிடலாம், அது தனிக்கதை.) அழுகின முட்டை வாடை அடிக்கும், ஆனா ரெண்டு வாளித் தண்ணியில போயிடும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்சப்போ நண்பர்களோட போயிருந்தேன். கால்ல ஒட்டினது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் ரெண்டு நாள் போகலை. அதுக்கும் கீழே, பல வருஷமா அனல்மின் நிலையக் குழாய்கள்ல கசிஞ்ச சாம்பல்.

ஆத்துத் தண்ணி உப்புத் தண்ணியில கலந்ததும் மிதந்து வர்ற நுண்ணிய களிமண் திரண்டு அடியில உக்காந்துடும். ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாம் அதுல ஒட்டிக்கிட்டே வரும். வருஷா வருஷம் ஒரு அடுக்கு. குழாய் இறக்கிச் சேத்தை எடுத்து, சுமார் 22 வருஷத்துக்கு ஒருதரம் பாதியாகுற ஈயம்-210-ஐ அளந்து அடுக்குக்கு வயசு சொல்லுவாங்க. 1963 வாக்குல அணுகுண்டுச் சோதனையால விழுந்த சீசியம்கூட ஒரு கோடு மாதிரி கிடக்குமாம்! பெட்ரோல்ல ஈயத்தை நிறுத்தின பிறகு படிஞ்ச அடுக்குல ஈயம் குறைஞ்சதையும் பல நாடுகள்ல பாத்திருக்காங்க. ஆனா பழைய அடுக்கு எங்கேயும் போகலை. தோண்டிக் காத்துப் பட்டா, அடங்கிக் கிடந்த உலோகம் மறுபடி தண்ணிக்கு வரும்.

இறால் குளத்துல மிஞ்சுற தீவனம், கழிவு, பாசிக்குப் போடுற மயில்துத்தம் எல்லாம் இதே வழிதான். 1996-ல உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல தனிச் சட்டம் வந்து, பதிவு பண்ணி நடத்தலாம்னு ஆச்சு.

இதையெல்லாம் தம்பிகிட்ட சொன்னேன்.

"அப்ப நான் கருவேலமுள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டே கிடக்கவா? புள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்ணே."

மாசாமாசம் சம்பளம் வாங்குறவன் நான். என்னத்தச் சொல்ல?

"குளத்துத் தண்ணியை எங்கே விடுவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா"ன்னேன்.

நேத்து ராத்திரி கூப்பிட்டான். "கேட்டேண்ணே. ஆத்துலதானாம்."

பத்திரம் இன்னும் மேசை மேலதான் இருக்கு.