குப்பைப் பையில் கிடந்த ஊசி

எனது ஊரான சரவணையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கின்றார். யுத்தத்தில் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் படிப்பிப்பதற்காகச் சில வருடங்களாக ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்து வருகின்றார். நிரந்தர நியமனம் அல்ல. ஒப்பந்தகாரர் ஒருவரின் கீழ் நாட்கூலி. ஒருநாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. விடியப்புறம் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வீடு திரும்புவார்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. வாழ்வாதார உதவிக்கான பெயர்ப் பட்டியலை நான் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். அந்த அக்கா பக்கத்தில் வந்து நின்று, "தங்கச்சி, நேற்றுக் குப்பைப் பையைத் தூக்கேக்க கையில ஊசி ஒண்டு குத்திப்போட்டுது. இரத்தமும் வந்தது. ஏதும் செய்யுமோ?" என்று கேட்டார். நான் பட்டியலிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏற்பூசி ஒண்டு போடுங்கோ அக்கா, ஒண்டும் செய்யாது" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வாடிப் போயிருந்தது. கூட வேலை செய்யும் ஒருவர், "அது எயிட்ஸ்காரரின்ர ஊசியாய் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. மேற்பார்வையாளருக்குச் சொன்னால் வேலையால் நிற்பாட்டி விடுவார்களோ என்ற பயம். இரத்தம் சோதிக்கப் போனால், "புருசன் இல்லாதவள் ஏன் அந்தக் கிளினிக்குக்குப் போறாள்?" என்று ஊர் கதைக்குமே என்ற பயம் அதைவிடப் பெரிது. "எனக்கு ஒண்டு நடந்தால் பிள்ளையள ஆர் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

திங்கட்கிழமை காலை நானும் அவருடன் வைத்தியரிடம் போனேன். வைத்தியர் ஆறுதலாகத்தான் கதைத்தார். ஆனால் அவர் சொன்ன ஒரு விடயம் என்னைச் சுட்டது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. தேவையென்று கண்டால் அவற்றை 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்து 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஹெப்படைற்றிஸ் பி தடுப்பூசியை முடிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை குத்திய ஊசிக்கு நாங்கள் திங்கட்கிழமை போய் நின்றோம். புதன்கிழமை பின்னேரம் அவர் என்னிடம் கேட்டபோது நேரம் இருந்தது. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, பெண்களின் பிரச்சினைகளைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான்தான் அந்த நேரத்தை வீணாக்கினேன். அதனால்தான் இதை எழுதுகின்றேன். எனக்குத் தெரியாதிருந்த விடயங்கள் உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியசாலையில் சேரும் குப்பை முழுவதும் ஆபத்தானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, அதில் ஏறத்தாழ 85 சதவீதம் எங்கள் வீட்டுக் குப்பையைப் போன்றதுதான். கடதாசி, சாப்பாட்டு மிச்சம், வெறும் பெட்டிகள் என்பன இதில் அடங்கும். மிகுதி 15 சதவீதம்தான் ஆபத்தானது. இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும், பாவித்த ஊசியும் கத்தியும், உடற்பாகங்கள், காலாவதியான மருந்துகள், இரசாயனங்கள் போன்றவை இதற்குள் வரும். இந்த 15 சதவீதத்தை மற்றக் குப்பையுடன் ஒரே பையில் போட்டால் முழுப் பையுமே ஆபத்தானதாகி விடுகின்றது. ஆகவே ஊசியைப் பாவித்தவரே, பாவித்த இடத்திலேயே, அதைப் பிரித்துப் போட வேண்டும். இதற்காகவே இலங்கை வைத்தியசாலைகளில் நிறங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தொற்று ஏற்படுத்தக்கூடிய கழிவுக்கு மஞ்சள் நிறம். ஊசி, கத்தி போன்ற கூரான பொருட்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் நிறப் பெட்டி. அந்தப் பெட்டி ஊசி துளைக்காத பெட்டியாக இருத்தல் வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் அதை மூடிவிட வேண்டும். பாவித்த ஊசிக்குத் திரும்பவும் மூடி போட முயலக் கூடாது. அப்படி மூடும்போதும் பலருக்குக் கையில் குத்தி விடுகின்றது.

ஒருவர் அவசரத்தில் ஊசியைச் சாதாரண குப்பைப் பையில் எறிந்து விடுகின்றார். அந்தப் பை அங்கிருந்து கைமாறிப் போகின்றது. கடைசியில் குத்துவது வைத்தியருக்கு அல்ல. பையைத் தூக்கும் பெண்ணுக்கு. அவரையும் தாண்டிப் போனால், குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் பொறுக்குபவருக்கு, அல்லது ஊசிக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி விளையாடும் பிள்ளைக்கு.

பாவித்த ஊசியால் என்ன வரும் என்று பயப்படும்போது நாம் எல்லோரும் எயிட்ஸைத்தான் நினைக்கின்றோம். உண்மையில் இலங்கையில் எச்.ஐ.வி. தொற்று மிகக் குறைவு. தொற்றுள்ள ஒருவரின் ஊசி குத்தினாலும், ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் அது தொற்றும். ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் சி என்றால் நூறில் 2 பேருக்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைற்றிஸ் பி என்றால் நூறில் 30 பேர் வரை தொற்றலாம். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். சிலருக்குச் செங்கமாரியாகத் தெரியவரும். சிலருக்கு ஒன்றும் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்து ஈரலைக் கெடுத்துவிடும்.

ஆனால் இந்த ஹெப்படைற்றிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இருக்கின்றது. இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டது. அதாவது எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கின்றார்கள். அதற்கு முன்னர் பிறந்த எங்களில் அநேகருக்குப் போடவில்லை. வைத்தியசாலையில் எந்த வேலை செய்பவரும், கூட்டித் துடைப்பவர் உட்பட, மூன்று முறை போட வேண்டிய இந்த ஊசியைப் போட்டிருக்க வேண்டும். அந்த அக்காவிடம் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதாகவே அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாவித்த ஊசி திரும்ப வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் நடந்தது ஓர் உதாரணம். அங்கே மொடாசா என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஹெப்படைற்றிஸ் பி பரவியது, பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் பாவித்த ஊசியை மற்றவருக்கும் பாவித்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. விசாரித்தபோது, பாவித்த ஊசிகளைச் சேர்த்து மீண்டும் விற்கும் வியாபாரமும் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் முழுவதும் சுத்தமற்ற ஊசிகளால் 2 கோடி 10 இலட்சம் பேருக்கு ஹெப்படைற்றிஸ் பி தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2010ஆம் ஆண்டளவில் அது 17 இலட்சமாகக் குறைந்திருந்தது. ஒருமுறை பாவித்து எறியும் ஊசிகளும், அவற்றைச் சரியாக ஒழிக்கும் பழக்கமும் பரவியதும் இதற்குக் காரணமாகும். கவனம் எடுத்தால் பலன் உண்டு என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

கழிவு எப்போதும் இருப்பவர் பக்கத்திலிருந்து இல்லாதவர் பக்கமாகவே நகர்கின்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளாவின் மருத்துவக் கழிவுகளை லொறிகளில் கொண்டுவந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் போன்ற கிராமங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. விடயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, கேரள அரசே அவற்றைத் திரும்ப அள்ளிச் செல்ல நேர்ந்தது. எங்கள் நாட்டுக்கும் இது நடந்தது. 2017ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் வந்த 263 கொள்கலன்களில் மருத்துவக் கழிவுகளும் கலந்திருந்ததாகச் சுங்கத் திணைக்களம் கூறியது. வழக்கு நடந்து, 2020ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் 2022ஆம் ஆண்டு பெப்ரவரி வரை அவை திருப்பி அனுப்பப்பட்டன. கேட்க ஆட்கள் இருந்தபடியால்தான் இரண்டு இடத்திலும் கழிவு திரும்பிப் போனது.

எங்கள் தீவுகளுக்கு இது இன்னும் முக்கியமானது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்பும் ஓட்டையும் அதிகம். மேலே விழுகின்ற மழைத் தண்ணிதான் கீழேயுள்ள உவர்த் தண்ணியின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கின்றது. அந்தப் படையைத்தான் நாம் நல்ல தண்ணி என்று அள்ளிக் குடிக்கின்றோம். ஒரு குடம் நல்ல தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது சரவணைப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்டபடி கிடங்கு வெட்டி மருத்துவக் கழிவைப் புதைத்தால், அதிலிருந்து ஊறுவது அந்தத் தண்ணிக்குள்தான் போகும். வளவுக்குள் போட்டு எரித்தாலும் தீராது. சாதாரண நெருப்பில் ஊசிமுனை எரியாது. பிளாஸ்ரிக் நச்சுப் புகையாகி எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். அதற்கென்று அமைத்த எரியூட்டியில் 850 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

இது வைத்தியசாலையில் வேலை செய்பவர்களின் பிரச்சினை மட்டும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். சகோதரிகளே, யுத்தத்தின் பின்னர் எங்கள் வீடுகளில் எத்தனை வீடுகள் சின்ன வைத்தியசாலைகளாக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் இருக்கும் மகனுக்குப் படுக்கைப் புண் கட்டுகின்ற தாய்மார் இருக்கின்றார்கள். கணவனுக்குச் சலக்குழாய் மாற்றுகின்ற மனைவிமார் இருக்கின்றார்கள். சலரோகத்துக்கு ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஏற்றுகின்ற வீடுகளும் நிறைய. அந்த ஊசியும் பஞ்சும் எங்கே போகின்றன? எங்கள் வீட்டிலும் அம்மம்மாவின் இன்சுலின் ஊசிகளை வேலிக்கரையில் எறிந்துதான் வந்தோம்.

சின்ன வயதில் எங்களுக்கு மிதிவெடி விழிப்புணர்வு சொல்லித் தந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990ஆம் ஆண்டு கைக்குழந்தையாக ஊரைவிட்டுப் போன நான், சமாதான காலத்தில் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் முதலில் படித்தது அதைத்தான். தெரியாத பொருளைத் தொடாதே, மற்றவர்களையும் கிட்டப் போக விடாதே, பெரியவர்களுக்கு உடனே சொல் என்றார்கள். வழியில் கிடக்கும் ஊசிக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். உங்கள் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் பாவிக்கும் ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் போட்டு, இறுக்கி மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் அதை எங்கே கொடுக்கலாம் என்று நீங்கள் போகும் கிளினிக்கிலோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. புண் கட்டிய துணியையும் பஞ்சையும் இரண்டு பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டுங்கள். கையுறை போட்டிருந்தாலும், அதைக் கழற்றிய பின் கட்டாயம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

ஊசி குத்தி விட்டால், உடனே ஓடுகின்ற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், குளோரின் ஊற்ற வேண்டாம். அன்றைக்கே மேற்பார்வையாளருக்குச் சொல்லிப் பதிவு செய்விக்க வேண்டும். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். வைத்தியசாலை வேலைக்குப் போகும் சகோதரிகள் ஹெப்படைற்றிஸ் பி ஊசி, தடித்த கையுறை, மூடிய சப்பாத்து ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

அந்த அக்காவுக்கு மூன்று தடுப்பூசிகளும் போட்டு முடிந்துவிட்டன. ஆறு மாதங்கள் கழித்து எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு முறையும் நான் கூடவே போனேன். "தனியப் போனால்தானே கதைப்பினம், நீங்களும் வந்தால் ஆர் என்ன கதைக்கிறது?" என்று அவர் ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். இப்போதும் அதே வேலைக்குத்தான் போகின்றார். ஆனால் பையைத் தூக்க முன்னர், "இதுக்குள்ள ஊசி ஏதும் போட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவாராம். முதலில் சிலர் முகத்தைச் சுளித்தார்களாம். இப்போது பழகிவிட்டார்கள்.

ஒரு பெண் உங்கள் பக்கத்தில் வந்து, "கையில ஊசி குத்திப்போட்டுது, ஏதும் செய்யுமோ?" என்று கேட்டால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். அன்றைக்கே அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.