அப்பா ஊற்றிய வெந்நீர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

கல்வராயன் மலையில் சாமை முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கினால், ஓர் ஆண்டுப் பாடு ஓர் இரவில் மண்ணாகிவிடும். அதற்காகவே அப்பா பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். குழல் வாய் வழியே மருந்தைப் போட்டுக் கம்பியால் இடிக்கும் வகை. சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறந்த துப்பாக்கிக்கு அடுத்த தலைமுறை; இதில் கல்லுக்குப் பதில் தொப்பி வெடிக்கும். அப்பா குண்டு போடுவதில்லை, வெறும் சத்தம்தான்.

வெடித்த மறுநாள் காலை அப்பா செய்யும் வேலை ஒரு பூசையைப் போல இருக்கும். முதலில் கம்பியைக் குழலுக்குள் விட்டு, உள்ளே மருந்து மிச்சமில்லை என்று உறுதி செய்வார். பிறகு கறுப்புத் தண்ணீர் தெளிகிற வரை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார். துணி சுற்றிய கம்பியால் ஈரம் போகத் துடைத்து, சூடு ஆறுமுன் மெல்லிசாக எண்ணெய் பூசுவார்.

2024 மக்களவைத் தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். "தம்பி, வெந்நீர் ஊத்திக் கழுவிக் குடுத்துடு" என்றார். பிளஸ் டூ படித்தவனல்லவா நான்! இரும்பில் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? எண்ணெயை மட்டும் தாராளமாகப் பூசிக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் திரும்பி வந்த குழலுக்குள் செம்மண் கரைத்தாற்போல் துரு. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரித்த குழலில் மருந்து கெட்டிக்க அஞ்சி, அந்த ஆண்டு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பரணில் விழித்திருந்தார். பாதிச் சாமை போயிற்று. என் விடுதிக் கட்டணத்துக்கு இரண்டு ஆடுகளை விற்றார்.

இந்த ஆண்டு ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் மறந்து வைத்த பொட்டாசியம் கார்பனேட், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து கிடந்தது. சட்டென்று அந்தக் குழல் நினைவுக்கு வந்தது. கருமருந்தில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 பங்கு. எரிந்த பின் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் திண்மமாகவே மிஞ்சும். கசடில் பெரும்பகுதி இந்தக் கார்பனேட்டும் சல்பேட்டும் சல்பைடும்தான். அவை நீரில் கரையும், எண்ணெயில் கரையா. நான் உப்பைக் கழுவவில்லை. அதன்மேல் போர்வை போர்த்தியிருக்கிறேன்!

விடுமுறையில் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். உரிமப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கும் என் அப்பா சிரித்தார். "அது உப்புன்னு நாக்குல வச்சாலே தெரியுமே, தம்பி!"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலில் படித்தவன் நான் என்று மட்டும் இனிச் சொல்லமாட்டேன்.