எட்டும் எட்டரையும் ஒரே நேரம்தான்

நாலு திரை, நாலு லெப்டொப், நாலு குரல். 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி அக்கரைப்பற்றிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள நாலு பெரியவங்க பேசுறாங்க. ஒவ்வொரு வீடியோவும் 12 நிமிடம். ஏழாவது நிமிடத்தில் நாலு பேரும் ஒரே கணத்தில் பேச்சை நிறுத்துவாங்க. 40 செக்கனுக்குத் திரைகள் கறுப்பு. கடல் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் பேசத் தொடங்குவாங்க.

அந்த 40 செக்கன்தான் முழு வேலையும். ஒரு திரை மட்டும் பிந்தி, ஒருவரின் பாதி வசனம் மற்றவங்கட மௌனத்துக்குள்ள போய் விழுந்தா எல்லாமே கெட்டுப்போகும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவங்க மௌத்தான காலை அது. மனசைத் திறந்து பேசினவங்களுக்கு நாங்கள் குடுக்கிற மரியாதையே, அந்த மௌனத்தைச் சரியாக வைக்கிறதுதான்.

நாலு பேர் நாலு லெப்டொப்புக்கு முன்னால நிண்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு பிளே பட்டனை அமத்தினாப் போதாதா? போதாது. ஒரு செக்கனுக்கு 25 ஃப்ரேம் எண்டால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெக்கன். மனுசக் கைகள் அந்தளவுக்கு ஒத்துப்போகாது. அப்படியே போனாலும் அந்த ஒற்றுமை நிலைக்காது. ஒவ்வொரு கணினியும் உள்ளுக்குள்ள இருக்கிற சின்னப் படிகம் ஒண்டின் அதிர்வை வெச்சுத்தான் நேரத்தை எண்ணுது. அது பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 செக்கன் வித்தியாசம். ஒண்டு முந்தி மற்றது பிந்தினா, ஒரு மணித்தியாலத்தில் 144 மில்லிசெக்கன், அதாவது மூண்டரை ஃப்ரேமுக்கு மேல. வீடியோ முடிஞ்சு திரும்பத் தொடங்கும்போது ஒவ்வொரு லெப்டொப்பும் எடுத்துக்கொள்ளும் நேரமும் வேற வேற. காலையில ஒண்டாக் கிளம்பின நாலும் பின்னேரம் நாலு பக்கம் நிற்கும்.

பெரிய காட்சிக்கூடங்களில் இதுக்கெண்டே செய்த பிளேயர்கள் இருக்கு. இந்தியக் கலைஞர் அமர் கன்வரின் 'தி லைட்னிங் டெஸ்டிமோனிஸ்' (2007) எட்டுத் திரை வேலை. துணைக்கண்டத்தில் பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறையை, 1947 பிரிவினையிலிருந்து தொட்டுப் பேசுது. ஜெர்மனியின் காசெல் நகரில் டொக்குமென்டா 12இல் காட்டப்பட்டது. எட்டுக் கதைகளும் ஒரே நேரத்தில் ஓடி, கடைசியில் ஒண்டாகச் சேரும். நாங்கள் அதை நேரில் பார்த்ததில்லை, வாசிச்சுத்தான் தெரியும். ஆனா ஒண்டு விளங்கினது: திரைகளைச் சேர்த்து ஓட்டுறது வெறும் டெக்னிக்கல் வேலை இல்ல. யார் பேசுறாங்க, யார் காத்திருக்கிறாங்க எண்டதை அதுதான் தீர்மானிக்குது.

எங்களிட்ட இருந்தது பழைய லெப்டொப்புகளும், ஒரு சின்ன ஸ்விட்சும், வயரும். வைஃபையைத் தொடவே இல்ல. அதில் செய்தி ஒருக்கா உடன போகும், ஒருக்கா பிந்தும். ஒரு லெப்டொப்பைத் தலைவராக்கினோம். அதுக்கு நாங்கள் வெச்ச பேர் 'அண்ணாவியார்'. எங்கட ஊர்ப்பக்கக் களிகம்பில் அண்ணாவியார் பாட, மற்றவங்க அந்தத் தாளத்துக்குப் பொல்லடிப்பாங்க. ஒருத்தரும் மணிக்கூடு பார்க்கிறதில்ல.

முதல் வேலை, நாலு கணினிக் கடிகாரத்தையும் ஒண்டுக்கொண்டு பொருத்துறது. அதுக்கு என்டிபி இருக்கு. டேவிட் மில்ஸ் 1985இல் எழுதி வெளியிட்ட முறை. ஒரு கணினி "இப்ப என்ன நேரம்?" எண்டு கேட்கும், மற்றது சொல்லும். கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்தில் பாதியைக் கணக்கில் எடுத்து, ரெண்டு கடிகாரத்துக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம் எண்டு பிடிக்கும். இன்டர்நெட் தேவையில்ல, வயர் போதும். ஒரு மில்லிசெக்கன் அளவுக்குள்ள கொண்டுவந்திடலாம்.

பிறகு எல்லா வீடியோவும் முதல் ஃப்ரேமில் நிண்டு காத்திருக்கும். "இன்ன நேரத்தில் தொடங்குங்க" எண்டு அண்ணாவியார் மூணு செக்கன் முந்தியே சொல்லும். ஓடும்போது தான் நிற்கிற இடத்தை அடிக்கடி அறிவிக்கும். பிந்தினது 2 சதவீதம் வேகமாக ஓடிப் பிடிக்கும்; 100 மில்லிசெக்கன் பிந்தினா 5 செக்கனில் சரி. பேச்சில் அது காதுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் எண்டால் தாவித்தான் ஆகணும். அந்தத் தாவலைக் கறுப்புத் திரை நேரத்துக்கு வெச்சோம். பேசுறவரின் முகம் துள்ளக் கூடாது. கடல் சத்தத்தை அண்ணாவியாரிலிருந்து மட்டும் விட்டோம். நாலிலிருந்தும் விட்டு ஒண்டு கொஞ்சம் பிந்தினாலே எதிரொலி போலக் கேட்கும்.

மெஷின் பக்கம் இவ்வளவுதான். மனுசப் பக்கம்தான் எங்களுக்குள்ள நாலு நாள் வாக்குவாதம். கடல் எப்ப வந்தது எண்டு கேட்டதுக்கு நாலு பேரும் நாலு விதமாச் சொன்னாங்க. ஒரு ராத்தா "எட்டரை" எண்டாங்க. இன்னொருத்தர் ஒம்பது. ஒரு உம்மம்மா நேரமே சொல்லல்ல: "புள்ளகள் ஓதப் போய்ட்டு மனே, நான் அடுப்படியில." திருக்கோவில் பக்கத்து மீனவர் ஐயா அடிச்சுச் சொன்னார்: "எட்டு மணி." பார்க்கிறவங்க குழம்புவாங்க, நேரம் சொல்லுற இடத்தை வெட்டிடுவோம் எண்டு எங்களில் பாதிப்பேர் சொன்னோம்.

ஐயாட்டத் திரும்பப் போய்க் கேட்டதில் விசயம் வெளிச்சது. "தம்பி, எங்கட வீட்டு மணிக்கூடு பழைய நேரம்."

எங்கட வயசுக்காரருக்கு இது தெரியாது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் நேரத்தை முன்தள்ளினது; மே மாதம் ஒரு மணித்தியாலம், ஒக்டோபரில் அதை அரை மணித்தியாலமாக்கினது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதை ஏற்கல்ல. 2006 ஏப்ரலில் பழையபடி ஆகும்வரை நாட்டில் புது நேரம், பழைய நேரம் எண்டு ரெண்டு இருந்தது. சுமாத்ராவில் பூமி அதிர்ந்தது புது நேரப்படி காலை 6:58, பழைய நேரப்படி 6:28. அப்ப ஐயாட எட்டும் ராத்தாட எட்டரையும் ஒரே நேரம்தான்.

என்டிபி செய்யிறதும் இதைத்தானே! இடையில உள்ள வித்தியாசத்தை அறிஞ்சு கொள்ளுது. நாங்கள் ஒண்டையும் வெட்டல்ல. எட்டு, எட்டரை, ஒம்பது, அடுப்படி, நாலும் அப்படியே இருக்கு. மௌனம் மட்டும் ஒண்டு.

ஸ்கிரிப்டை யாரும் ஒரு கிழமையில எழுதிடலாம். ஆனா பழைய நேரத்தில மணிக்கூடு ஓடின வீடுகளை ஞாபகம் வெச்சிருக்கிறவங்க குறைஞ்சுகொண்டே போறாங்க. உங்கட வீட்டிலயும் யாராவது இருந்தா, இந்தக் கிழமையே கேட்டு எழுதி வெயுங்க.