காத்தாடி பிளேனுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஏடிஆரே,

1981இல் பிரான்சும் இத்தாலியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் பிறந்தவன் நீ. உன் எழுபத்திரண்டாம் இலக்க வடிவம் முதன்முதலாக எழும்பியது 1988 அக்டோபரில். உலகம் உன்னை ஏடிஆர் 72 என்கிறது. இலங்கையில் எங்கள் ஊரான ஓப்பநாயக்கவில் என் அம்மா உன்னைக் ‘காத்தாடி பிளேன்’ என்றார், இன்றும் அப்படித்தான் சொல்கிறார். நான் இப்போது ஓட்டுகிற ஜெட்டுக்கு அவர் செல்லப் பெயர் எதுவும் வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுப்பெரிய வழி காட்டியது யார் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லத்தான் இந்த மடல்.

ஏடிஆரே, உன்னிடம் வந்தபோது தலைக்கு மேல் கடனோடு வந்தேன். இரத்மலானையில் பறக்கப் பழகுவதற்கு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. அம்மா குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்று அனுப்பியது, அப்பா தோட்டத்தில் பேர் போட்டுச் சேர்ந்த சேமலாப நிதி, அக்கா தன் கல்யாணத்துக்கென்று பிடித்த சீட்டு, எல்லாம் அந்தச் சின்ன செஸ்னாவின் பெற்றோல் தாங்கிக்குள் போனது. இருநூறு மணித்தியாலம் பறந்தால் வணிக விமானி அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். அதோடு வேலையும் வரும் என்று லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. ஜெட் ஓட்டும் நிறுவனங்கள் அனுபவம் கேட்டன. மணித்தியாலம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு மணித்தியாலம் எங்கிருந்து வரும்? ஓப்பநாயக்கச் சந்தியில் ஒரு போன் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிறவர்கள், “எப்ப தம்பி பிளேன் ஓட்டப் போற?” என்று கேட்பார்கள். கேலியாக ஒருவர்கூடக் கேட்டதில்லை, நம்பித்தான் கேட்டார்கள். அதனாலேயே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த நாளில் மாலைதீவில் உன்னை வைத்துத் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றும் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. இருநூற்றுச் சொச்சம் மணித்தியாலத்துக்காரனை உன் வலது இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

ஏடிஆரே, உன் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்பதே தெரிந்தது. ஜெட்டில் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு. உன்னிடம் அது இல்லை. விசை நெம்புகோல் எப்போதும் எங்கள் கையில். அதைக் கொஞ்சம் தள்ளினால் உன் மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கும்; காலால் சுக்கானை மிதித்து நேர்ப்படுத்த வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் பின்னால் இருக்கும் பயணிக்கே தெரிந்துவிடும். தரவந்தூவில் ஓடுபாதை 1,200 மீட்டர், இரு முனையிலும் கடல். காலையில் மாலேயிலிருந்து அங்கே, திரும்பி மாலே, பிறகு கத்தூ, பிறகு தெற்குக் கோடியில் கான் என்று ஒரே நாளில் பல தரம் ஏறி இறங்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் அடிக்கும். மழைத்திரை தீவை மூடும், பிறகு விலகும். நெடுந்தூர ஜெட்டில் இருக்கும் துணை விமானிக்கு ஒரு மாதத்தில் கைக்கு வரும் தரையிறக்கங்களை நீ எனக்கு ஓரிரு நாளில் தந்தாய். இன்று பக்கக்காற்று என்றதும் என் கால் தன்பாட்டில் சுக்கானுக்குப் போகிறது. அது நீ பழக்கிய கால்.

ஏடிஆரே, உன் சுமைத் தாளை மறக்க முடியுமா? உன் பயணிகள் வால் பக்கக் கதவால் ஏறுவார்கள். பெரிய சரக்கறையோ முன்னால், எங்கள் முதுகுக்குப் பின்னால். ஆட்கள் எல்லோரும் வாலில் குவிந்தால் நீ பின்னுக்குச் சாய்ந்துவிடுவாய் என்று வாலுக்கு ஒரு முட்டுக்கட்டை வைப்பார்கள். என் முதல் கப்டன் கணினி அச்சடித்த தாளைத் தள்ளி வைத்துவிட்டு, வெறுந்தாளையும் பென்சிலையும் தருவார். முன்னறையில் சூரை மீன் பெட்டி எத்தனை, எந்த வரிசையில் எத்தனை பேர், குழந்தை எத்தனை, எரிபொருள் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கீழே இறங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, கடைசியில் கட்டத்துக்குள் விழ வேண்டும். ஒருநாள் என் கோடு கட்டத்தின் விளிம்பில் போய் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து பின்னால் போய், கடைசி வரிசையில் இருந்த ஒரு குடும்பத்தை முன் இருக்கைகளுக்கு வரச் சொன்னார். அவர்கள் நடந்து வரும்போது உன் முன்சக்கரம் மெல்ல அமுங்கியதை உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தேன். எடை என்பது இலக்கம் அல்ல, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வரும் ஆள் என்று அன்று விளங்கியது. இப்போது முந்நூறு பேர் ஏறும் விமானத்தின் சுமைக்கணக்கு ஒரு திரையில் வந்து விழுகிறது. நான் அதை இன்னமும் மனதுக்குள் ஒருதரம் கோடு போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏடிஆரே, நீ பயத்தையும் கற்றுக்கொடுத்தாய், அதற்கும் நன்றி. 2015 பெப்ரவரியில் தாய்பேயில் உன் சகோதரன் ஒருவனின் வலது எஞ்சின் விசையிழந்தது. விமானிகள் அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை அணைத்துவிட்டார்கள். 43 பேர் போனார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தில் இன்னொரு சகோதரன் பொக்காராவில் இறங்க வந்தபோது, இறக்கைத் தட்டை இறக்க வேண்டிய நேரத்தில் விசிறிகளின் நெம்புகோல்கள் இழுபட்டு விசை போய்விட்டது; 72 பேர் போனார்கள். உன்னை ஓட்டிய ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டும் மனப்பாடம். ஒருவர் நெம்புகோலில் கை வைத்துப் பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து ஆம் என்ற பிறகே அசைக்க வேண்டும் என்ற நடைமுறை பயணிகள் விமானங்களில் பொதுவாக உண்டு. ஆனால் அது ஏன் தேவை என்பது உன் இருக்கையில் இருந்தவர்களுக்கு எலும்பில் தெரியும்.

ஏடிஆரே, உன்னை நினைக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் ரயில் நினைவுக்கு வரும். களனிப் பள்ளத்தாக்குச் சின்னப் பாதையின் கடைசி நிலையமாக இருந்தது ஓப்பநாயக்க. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், 1919இல் வந்து சேர்ந்தது. 1976இல் எங்கள் ஊருக்கு வருவது நின்று போனது. தாத்தா அதில் கொழும்புக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பெரிய ரயிலையும் துறைமுகத்தையும் கப்பலையும் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் முதலில் அந்தச் சின்ன ரயிலில்தான் ஏற வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்டத் தமிழர்களில் தாத்தாவும் ஒருவர், கடவுச்சீட்டு என்று ஒன்றை அவர் கையில் பிடித்ததே இல்லை. அவர் பேரனை நீ எடுத்துப் போய்ப் பெரிய பாதையில் சேர்த்தாய். எனக்கு முன்னால் போனவர்களுக்கும் பாதை இதுதான். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் டகோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. அந்தக் காலத்தவர்கள் டகோட்டாவிலும் ஆவ்ரோவிலும் கைபழகிய பிறகே ஜெட்டுக்குப் போனார்கள். விசிறியிலிருந்து ஜெட்டுக்கு என்பது இந்த நாட்டில் பழைய வழக்கம்.

ஏடிஆரே, உன்னிடம் நான் ஏறிய படிகளையும் சொல்ல வேண்டும். 1,500 மணித்தியாலம் நிறைந்ததும் பெரிய அனுமதிப்பத்திரத்துக்குத் தகுதி வந்தது. பிறகு நீ என்னை இடது இருக்கைக்கு மாற்றினாய். நான்கு பொன் பட்டி தோளில் ஏறிய படத்தை அப்பா பிரட்டுக்களத்துக்கே கொண்டுபோய்க் காட்டினாராம். 2020இல் மாலைதீவு கதவடைத்தபோது எஞ்சினுக்கு உறை மாட்டி உன்னை ஓரத்தில் நிறுத்தினார்கள், எங்கள் சம்பளம் பாதியானது. ஜூலை 15இல் நாடு திறந்ததும் மறுபடி நீதான் சோறு போட்டாய். அதுவரை வளைகுடாவின் பெரிய நிறுவனங்களில் பல, ஜெட்டில் பறந்த மணித்தியாலம் இல்லாதவனின் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்த்ததில்லை. கொரோனாவுக்குப் பின் விமானிகள் தட்டுப்பட்டபோது உன் மணித்தியாலங்களையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் நானும் போனேன். கப்டனாகப் போனவன் அங்கே மறுபடி துணை விமானி. புது நிறுவனத்தில் சேர்ந்த தேதியிலிருந்துதான் வரிசை தொடங்கும். அது எனக்குத் தாழ்வாகப் படவில்லை. சோதனை சிமியுலேட்டரில் ஒரு எஞ்சினை அணைத்து, தானியங்கியையும் எடுத்துவிட்டு, கையால் ஓட்டச் சொன்னார்கள். உன்னோடு பழகியவனுக்கு அது ஒரு வேலைநாள்.

ஏடிஆரே, உன்னைப் படிக்கட்டு என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படி என்றால் மிதித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் வரும், சம்பளத்தையும் அதற்கேற்பக் குறைத்து வைக்கத் தோன்றும். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகருக்கருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதுவும் காத்தாடி விமானம்தான், உன் இனம் அல்ல. விமானிகளின் களைப்பு, குறைந்த சம்பளம், போதாத பயிற்சி எல்லாம் விசாரணையில் வெளியே வந்தன. அதன் பிறகு 2013 முதல் அங்கே துணை விமானிக்கே 1,500 மணித்தியாலம் வேண்டும் என்றார்கள். இராணுவத்திலும் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர்களுக்குக் கொஞ்சம் சலுகை. இந்தியாவிலோ இருநூறு மணித்தியாலத்தோடு நேரே ஏ320இல் உட்காரும் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களிலும் அருமையான விமானிகள் இருக்கிறார்கள். என் எண்ணம் இதுதான்: மணித்தியாலத்தின் எண்ணிக்கையைவிட அது எங்கே கழிந்தது என்பது முக்கியம். குட்டைப் பாதைகளில், மழையில், நல்ல கப்டன் பக்கத்தில் கழிந்த ஐந்நூறு மணித்தியாலம், தானியங்கியை வேடிக்கை பார்த்த இரண்டாயிரத்தைவிடப் பெரிது. அப்படிக் கற்றுக்கொடுக்கும் சிறு நிறுவனத்தின் கப்டனுக்குப் பெரிய நிறுவனத்துக்காரருக்குச் சமமான மதிப்பும், பிள்ளை குட்டியோடு வாழப் போதுமான கூலியும் கிடைக்க வேண்டும். போகிறவர்களைப் பழக்கி அனுப்பிவிட்டு உன்னோடே நின்றுவிட்டவர்கள் அவர்கள். என் முதல் கப்டன் இன்னும் அங்கேதான் இருக்கிறார், இன்னும் பென்சிலும் தாளும் கொடுக்கிறார்.

ஏடிஆரே, நீ தந்தவற்றில் நான் மிகவும் போற்றுவது ஒன்று உண்டு. என் ஜெட் கட்டுநாயக்கவுக்கு வரும் இரவுகளில் பின்வரிசைகளில் எங்கள் பெண்கள் இருப்பார்கள். பதுளை, அட்டன், பெல்மடுல்ல, எங்கள் ஊர். இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வருகிறவர்கள். என் அம்மாவும் அப்படித்தான் வந்தார். தரையிறங்கும் முன் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்ன பிறகு, கப்டன் ஒப்புதலோடு தமிழிலும் இரண்டு வார்த்தை சொல்வேன்: அக்காமார், தங்கச்சிமார், இன்னும் இருபது நிமிடத்தில் ஊர், வானம் தெளிவாக இருக்கிறது. இறங்கும்போது சிலர் கதவடியில் நின்று, எந்தத் தோட்டம் தம்பி என்று கேட்பார்கள். சொல்வேன்.

ஏடிஆரே, போன கிழமை கேகாலைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். இரத்மலானையில் படித்து முடித்திருக்கிறாள். உன்னை ஓட்டும் ஒரு நிறுவனம் வேலை தருகிறதாம். சம்பளம் குறைவு, மூன்று வருடப் பிணை கேட்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் ஜெட் கிடைக்குமோ என்று குழம்பிப்போயிருந்தாள். பிணைப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கச் சொன்னேன். அது சரியாக இருந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போடு என்றேன். அடுத்த மாதம் உன் வலது இருக்கைக்கு வருகிறாள். பென்சிலும் ரப்பரும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உன் பழைய துணை விமானி,
ஓப்பநாயக்க.